சொல்லாமல் விட்ட ‘வாங்க’

மூன்று வருடத்துக்கு முன்னால், தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. ராசிபுரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டத்து வீடு. இரண்டரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு மாடு, அதன் கன்று, கொஞ்சம் கோழி. அவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம். அன்றைக்கு விடிந்ததிலிருந்து அந்த ராஜ்ஜியத்தில் யாரும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி அப்புறம் மெதுவாக வந்து சேரும். என் மனைவி இருபத்தெட்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்விட்டாள். அன்றைக்கு மட்டும் விடிகாலை நாலரைக்கே, காப்பி டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே சொன்னாள்: “ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்த வாயைக் கட்டிப் போடுங்க. சாமி சத்தியமா உங்களைக் கும்பிட்டுக்கறேன்.”

காரணம் இருந்தது. அன்றைக்கு என் மருமகளின் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து முதல் தடவை என்றால் புரிந்துகொள்வீர்கள். என் மகன் சேலத்தில் சூரமங்கலம் பக்கம் வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்ட பெண். அவர்கள் ஜலகண்டாபுரம், தறிக்கார குடும்பம். நாங்கள் காட்டு வேலைக்காரர்கள்; காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். கல்யாணம் ஒரு கோயிலில் எங்களுக்குத் தெரியாமல் முடிந்தது. ஆறு மாதம் நான் மகனோடு பேசவில்லை. அப்புறம் என் மனைவி பட்டினி கிடந்து இருவரையும் வீட்டுக்கு வரவழைத்தாள். வந்த பெண் ஒரு மாதத்தில் மாட்டில் பால் கறக்கக் கற்றுக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டாரை ‘வாங்க’ என்று கூப்பிடுவதற்கு மட்டும் என் வாய் எழவில்லை. மருமகளுக்கு ஐந்து மாதம் ஆனபிறகுதான், சரி, வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அரை மனதாகத் தலையாட்டினேன். மருமகள் அன்றிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தாள்.

இதற்கு நடுவில்தான் குச்சிக்கிழங்கு வந்து மாட்டிக்கொண்டது. மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒன்றரை ஏக்கரில் நட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பிடுங்க வருவதாகச் சொன்ன ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வரமுடியும், விட்டால் இருபது நாள் ஆகும் என்றார்கள். லாரியும் அன்றைக்குத்தான் கிடைத்தது. ஜவ்வரிசி மில்லில் திங்கட்கிழமை காலை வண்டி வரிசையில் நிற்க வேண்டும். பிடுங்கிய கிழங்கைக் கிடத்திவைக்க முடியாது. ஒரு நாள் தாண்டினால் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும், மில்லில் கையால் தொடமாட்டார்கள். சரி, சம்பந்தி வீட்டாரை அடுத்த வாரம் வரச் சொல்லலாமா என்றேன். மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, “அது வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆயிரும்” என்று முடித்துவிட்டாள். ஆக, கிழங்கும் விருந்தும் ஒரே நாளில் என் தலையில் இறங்கின.

ஐந்தரைக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள், பன்னிரண்டு பேர். கத்தியால் தலைப்பக்கத்துத் தழையை வெட்டி வரப்போரம் எறிந்துவிட்டு, தூரைப் பிடித்துக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டே போவார்கள். ஏழு மணிக்கு லாரி வந்தது. வந்ததும் வராததுமாக டிரைவர் இறங்கி, வழியில் மாடு கட்டியிருக்கிறது, வண்டி திரும்பாது என்று தகராறு. வழி எங்கள் மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டித்தான் போகிறது. சரியென்று எங்கள் மாடு செவலையை அவிழ்த்துக்கொண்டு போய், காட்டு ஓரத்துப் புங்க மரத்தடியில் முளைக்குச்சி அடித்து நீளக் கயிற்றில் கட்டினேன். அரை மணி நேரத்தில் லாரியை ஓரம் கட்டியதும் பழைய இடத்துக்கே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. உடனே தார்ப்பாய் பத்தவில்லை என்று ஒருவன் கூப்பிட்டான், கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று மனைவி கூப்பிட்டாள், மில்லில் வரிசைச் சீட்டு வாங்க ஆள் வரவேண்டும் என்று போன் வந்தது. மகனை மில்லுக்கு அனுப்பிவிட்டேன். அவன் போகும்போது, “அப்பா, அவங்க பத்தரைக்கு வந்துருவாங்க” என்று இழுத்தான். நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று அவன்மேல் ஒரு பாய்ச்சல்.

பத்தரைக்குச் சரியாக ஆட்டோ வந்தது. நான் லாரி மேல் நின்றுகொண்டு கிழங்கை எப்படி அடுக்குவது என்று கத்திக்கொண்டு இருந்தேன். கீழே பார்த்தால், ஒல்லியாக ஒரு மனிதர், பக்கத்தில் அவர் மனைவி. கையில் பூப்பையும் பழப்பையும் ஒரு ஜவுளிக்கடைப் பையும். அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். விரல் நகமெல்லாம் நீலம் பாய்ந்து இருந்தது. நூலுக்குச் சாயம் போடுகிறவர் என்று தெரியும். நான் தலையை மட்டும் ஆட்டினேன். காதில் போன் இருந்தது, மில்லிலிருந்து மகன் ஏதோ சொல்லிக்கொண்டு இருந்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிறவர்களை, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் மற்றவர் கணக்கில் சேராது. ‘ஊட்டுக்குப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல’ என்று பத்து வருடம் வாசலே மிதிக்காமல் இருக்கிற பங்காளிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அது தெரிந்தே நான் அன்றைக்குக் கேட்கவில்லை. போன் ஒரு சாக்கு. போனை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்? என் மனைவி ஓடிவந்து இரண்டு தரம் ‘வாங்க வாங்க’ என்று கேட்டு உள்ளே கூட்டிப் போனாள். போகும்போது லாரியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

பெண்கள் சமையலறையில் கூடிவிட்டார்கள். மகன் ஊரில் இல்லை. நான் லாரிமேல். அந்த மனிதரோடு பேச ஒரு ஆள் இல்லை. எத்தனை நேரம்தான் ஒரு மனிதர் தெரியாத வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? எழுந்து மெதுவாகக் காட்டைப் பார்க்க வந்திருக்கிறார்.

பதினொன்றேகால் இருக்கும். தற்செயலாகப் புங்க மரத்துப் பக்கம் திரும்பினேன். என் உயிரே போய்விட்டது. செவலையின் வாய் முழுக்கக் குச்சிக்கிழங்குத் தழை தொங்குகிறது. அந்த மனிதர் அதன் முகத்துக்கு நேராக, கை நிறையப் பச்சைத் தழையோடு நிற்கிறார்.

குச்சித் தழை மாட்டுக்கு விஷம். நன்றாகக் காய்ந்தபிறகு கொஞ்சம் போடுவார்கள். பச்சையாகவோ அரைவாட்டமாகவோ ஒரு பிடி அதிகமாக உள்ளே போனால் மாடு கண் முன்னால் விழுந்து சாகும். எங்கள் ஊரில் அப்படிச் செத்த ஆடு மாடு எத்தனையோ. செவலை எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தது, அப்போது மூன்றாவது ஈற்று. ஆறு மாதக் கன்று கட்டுத்தரையில் நிற்கிறது.

லாரியிலிருந்து எப்படிக் குதித்தேன் என்று தெரியவில்லை. ஓடிக்கொண்டே கத்தினேன்: “யோவ்! மாட்டைக் கொல்லறதுக்கா வந்தே? தறிக்காரனுக்கு மாட்டைப் பத்தி என்னய்யா தெரியும்? யாருய்யா உன்னை இங்க வரச் சொன்னது?”

எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக்கூட ‘என்னங்க கண்ணு’ என்றுதான் கூப்பிடுவோம். முதல் தடவை வாசல் மிதித்த சம்பந்தியை ‘யோவ்’ என்றும் ‘வந்தே’ என்றும் கேட்டது இந்த வாய்தான். பிடுங்கிக்கொண்டு இருந்த பன்னிரண்டு பேரும் கிழங்கும் கையுமாக நின்றுவிட்டார்கள். லாரி டிரைவர் பீடியைக் கீழே போட்டான். சத்தம் கேட்டு வீட்டு வாசலுக்கு மருமகள் வந்து நின்றாள், பின்னால் அவள் அம்மா.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். கையிலிருந்த தழையைக் கீழே போட்டுவிட்டு, “தப்புதானுங்க” என்றார். அவ்வளவுதான்.

நான் அதற்குமேலும் இரண்டு வார்த்தை சொன்னேன். அதை எழுத இப்போதும் கூசுகிறது.

மாட்டை அவிழ்த்துக் கட்டுத்தரைக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வாயில் நுரை. கால்கள் கிடுகிடுவென்று நடுங்கின. ஐந்து நிமிடத்தில் முன்னங்கால் மடிந்து, அப்படியே உட்கார்ந்து, ஒருபக்கம் சாயப் பார்த்தது. நாலு பேராக முட்டுக்கொடுத்துச் சாயாமல் பிடித்தோம். என் மனைவி வெல்லத்தை உடைத்துக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டு கையும் மாட்டின்மேல் இருந்ததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டு விட்டாள் மருமகள்.

டாக்டர் வேறு ஒரு ஊரில் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டு இருந்தார். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். அதுவரைக்கும் வெல்லத் தண்ணியைப் புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், மாட்டைப் படுக்க விடாதீர்கள் என்றார். “ஹைப்போன்னு ஒரு உப்பு இருக்குதுங்க. முந்தியெல்லாம் போட்டோ ஸ்டுடியோவுல கேட்டா குடுப்பாங்க, இப்ப யாரு வெச்சிருக்காங்க? கிடைச்சா எனக்குப் போன் பண்ணுங்க, எவ்வளவு கரைக்கோணும்னு சொல்றேன். வயித்துல கிடக்கறதை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும்” என்றார். ஸ்டுடியோவுக்கு நான் எங்கே போவேன்? அந்தப் பேச்சே என் காதில் நிற்கவில்லை.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து என் மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் சம்பந்தி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், புழுதி பறக்கப் போகிறார்.

“போயிட்டாரு” என்றாள் என் மனைவி. “உங்க வாயாலதானுங்க போறாரு.”

போகட்டும் என்றேன். பொய் சொல்லக்கூடாது, அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. செய்வதையும் செய்துவிட்டு ரோசத்தைப் பார் என்றுதான் தோன்றியது. என் வண்டியையும் எடுத்துக்கொண்டு போகிறாரே என்றுகூடத் தோன்றியது. அவர் மனைவி கட்டுத்தரையோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கோவிச்சுக்கிட்டுப் போற ஆளு இல்லைங்க. வந்துருவாரு” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மருமகள்தான் என்னைக் கலக்கினாள். அழவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, செவலையின் தலையைத் தொடைமேல் சாய்த்துக்கொண்டாள். வெல்லத் தண்ணி கொடுப்பதும் நுரையைத் துடைப்பதுமாக இருந்தாள். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போ கண்ணு என்றேன். காதில் வாங்கவில்லை. அன்றுவரை நான் ஒன்று சொல்லி அவள் கேட்காமல் இருந்ததில்லை. ஒன்றரை வருடமாக அவள் காத்திருந்த நாள் இது என்பது அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. அவள் அப்பா இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். பிள்ளை பிறந்தால்கூட ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு நான் காரணம்.

அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது! நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மாட்டிடம் ஓடுவேன், அதன் மூச்சைப் பார்ப்பேன், வழியைப் பார்க்க ஓடுவேன். லாரி டிரைவர் நாலு மணிக்குள் வண்டி கிளம்பாவிட்டால் மில்லில் இடம் கிடைக்காது என்று பின்னாலேயே வந்து சொல்லிக்கொண்டு இருந்தான். ஆட்கள் பிடுங்கவா நிற்கவா என்று கேட்டார்கள். பிடுங்குங்கள் என்றேன். அரைக் காட்டுக் கிழங்கு வெளியே கிடந்தது. சமையலறையில் ஏதோ அடிப்பிடித்த வாசம் வந்தது. ஒருத்தரும் போய் அடுப்பை அணைக்கவில்லை. கன்று வேறு விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. செவலைக்குக் கண் மேலே செருக ஆரம்பித்தபோது, எல்லாம் முடிந்தது என்று நான் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மொபெட் சத்தம் திரும்பி வந்தது.

சம்பந்தி வண்டியை நிறுத்தக்கூட இல்லை. அப்படியே கீழே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே கற்கண்டு உடைத்துப் போட்ட மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. “ஹைப்போங்க. டாக்டருக்குப் போன் போடுங்க” என்றார், மூச்சு இரைக்க.

நூலைச் சாயம் போடுவதற்கு முன்னால் பிளீச்சிங் போட்டு வெளுப்பார்களாம். அந்தக் காரம் நூலில் நின்றுவிட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. அதனால் வெளுத்த நூலை இந்த உப்புக் கரைத்த தண்ணீரில் அலசுவார்களாம். முப்பது வருடமாக அவர் தினமும் கையில் அள்ளுகிற சாமான். ஸ்பீக்கரில் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னபோது அங்கே நின்ற இருபது பேரில் அவருக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரிந்திருக்கிறது. ராசிபுரத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த பட்டறையை அவர் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கித் திறந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கே போகிறேன் என்று ஏன் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா? சொல்ல வந்திருந்தால் நான் கேட்டிருப்பேனா?

டாக்டர் போனிலேயே அளவு சொன்னார். சம்பந்தியே கரைத்தார். நான் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடிக்க, அவர் பாட்டிலைக் கடைவாய் ஓரமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கால் மணி நேரத்தில் மூச்சு இரைப்பது கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று மனைவியைக் கேட்டேன். அவளும் ஆமாங்க என்றாள். அதற்குள் டாக்டரும் வந்து நரம்பில் இரண்டு ஊசி போட்டார். பையில் மீதி இருந்த உப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், “இது மட்டும் உள்ள போகலைன்னா நான் வந்து செத்த சர்டிபிகேட்தானுங்க எழுதியிருப்பேன்” என்றார்.

இரண்டரை மணிக்குச் செவலை தானாக முன்னங்காலை ஊன்றி எழுந்தது. எழுந்ததும் முதல் வேலையாகக் கன்றைப் பார்த்து ஒரு கத்து கத்தியது. என் மனைவி அழுதாள். மருமகள் அப்போதுதான் அழுதாள். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

மூன்று மணிக்கு மேல் சாப்பிட உட்கார்ந்தோம். அடிப்பிடித்த குழம்பைக் கொட்டிவிட்டு ரசம் வைத்திருந்தார்கள். மகனும் மில்லிலிருந்து வந்திருந்தான். சம்பந்தி எனக்கு எதிர் இலையில். ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்தவர் சட்டென்று கையை உதறினார். முகம் சுளித்தது. அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி மெதுவாக இரண்டு விரலால் எடுத்துச் சாப்பிட்டார். அப்போதுதான் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வீங்கி, தோல் கிழிந்து, ரத்தம் கட்டி இருந்தது. கையில் என்னங்க என்றேன். அன்றைக்கு நான் அவரிடம் மரியாதையாகக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் கையை இலைக்குக் கீழே கொண்டுபோய், “ஒண்ணுமில்லைங்க, வண்டியில பட்டுருச்சு” என்றார்.

வண்டியில் பட்டால் இப்படியா ஆகும்? மாடு வைத்திருப்பவனுக்குத் தெரியாதா, கடைவாய்ப் பல் நசுக்கினால் எப்படி இருக்கும் என்று? பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கை கழுவிக்கொண்டு நேராகப் புங்க மரத்துக்குப் போனேன்.

முளைக்குச்சி அப்படியே இருந்தது. காலையில் ஏழு மணிக்கு நான் அடித்த முளை. அரை மணியில் மாற்றிக் கட்டுகிறேன் என்று நினைத்து நான் மறந்துபோன முளை. ஆட்கள் பிடுங்கிக்கொண்டே நகர்ந்துவர, வரப்போரம் போட்ட தழைக் குவியலும் நகர்ந்து நகர்ந்து மரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவிழ்த்துப் போட்டிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தேன். முளையிலிருந்து குவியலுக்குத் தாராளமாக எட்டியது. குவியலில் கயிறு எட்டுகிற அளவுக்கு, வளைவாக, மேய்ந்த தடம். ஒரு ஆள் அள்ளிப் போட்டு அப்படி ஆகாது. மாடு தானாகத் தின்றிருக்கிறது. நான் கட்டிய இடத்தில், நான் விட்ட கயிற்றில்.

ஆட்களின் மேஸ்திரி அம்மா மரத்து அந்தப் பக்கம் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டு இருந்தது. என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “ஏனுங்கண்ணா, அவரு மாட்டுக்குத் தழை போடலீங்க. வாயில கையை உட்டு வெளிய புடுங்கிக்கிட்டு இருந்தாருங்க. மாடு கடிச்சும் உடல. நான் பாத்தேன்.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க யாரைச் சொல்ல உட்டீங்க?” என்றது.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அதைப் போல நான் வெட்கப்பட்டதில்லை. எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ, சம்பந்தி மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார். குச்சித் தழை மாட்டுக்கு ஆகாது என்று அவருக்கு முன்னாலேயே தெரியுமாம், ஜலகண்டாபுரம் பக்கமும் குச்சிக்கிழங்கு நடுகிறார்கள்தானே என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். தறிக்காரன் என்றால் ஒன்றும் தெரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

செய்யாத தப்பைத் தப்புதானுங்க என்று ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வீட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “எம்பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க. நான் ஒரு வார்த்தை பேசியிருந்தா நீங்க நாலு வார்த்தை பேசியிருப்பீங்க. நாங்க பஸ் ஏறிப் போயிருவோம். அது இங்கதானுங்களே இருக்கணும்.”

அவருடைய அந்தக் கையைப் பிடிக்கப் போனேன். வலிக்குமே என்று விட்டுவிட்டேன். தோளைப் பிடித்துக்கொண்டேன். நான் பெண் பெற்றவன் இல்லை. ஒரு பெண்ணைப் பெற்றவன் வாயை எதற்கெல்லாம் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. காலையில் என் மனைவி என் வாயைக் கட்டச் சொன்னாள். கட்டிக்கொண்டவர் அவர்.

லாரி ஐந்து மணிக்குத்தான் கிளம்பியது; மகன் வரிசைச் சீட்டு வாங்கிவைத்திருந்ததால் மில்லில் இடம் போகவில்லை. கடைசி முப்பது மூட்டையை மேலே தூக்கிக் கொடுத்ததில் சம்பந்தியும் ஒருவர். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் இடது கையாலேயே தூக்கிக் கொடுத்தார். நானும் அதற்குமேல் தடுக்கவில்லை.

ஐந்தரைக்கு அவர்களுக்கு ஆட்டோ வந்துவிட்டது. எல்லோரும் வாசலுக்கு வந்தோம். விடைபெறும்போது என்ன சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. அதை என் மனைவி சொன்னாள், மகன் சொன்னான். சம்பந்தி என்னைப் பார்த்து, காலையில் கூப்பிய மாதிரியே இரண்டு கையையும் கூப்பினார். இப்போது ஒரு கையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

நான் கேட்டைத் தாண்டி ஆட்டோ வரைக்கும் போனேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். இரண்டு கையையும் கூப்பி, அவரைப் பார்த்து ஒரு தடவை, அவர் மனைவியைப் பார்த்து ஒரு தடவை, “வாங்க” என்றேன்.

ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். கிளம்பிப் போகிறவர்களை வாங்க என்று கேட்கிற கிறுக்கன் யார் என்று நினைத்திருப்பான். சம்பந்திக்குப் புரிந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார், காலையில் நான் ஆட்டியதைப் போல. ஆனால் நான் ஆட்டியதில் இருந்த திமிர் அதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் இருந்த மருமகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அதற்கப்புறம் அவர்கள் எத்தனையோ தடவை வந்து போய்விட்டார்கள். கட்டுத்தரை விட்டத்தில் ஒரு டப்பாவில் அந்த உப்பு எப்போதும் இருக்கிறது. தீர்ந்தால் சம்பந்தி கொண்டுவந்து வைத்துவிடுவார். கிழங்கு பிடுங்கும் நாளில் மாட்டைக் கட்டுவது மருமகள் பொறுப்பு, என்னை முளைக்குச்சியைத் தொட விடுவதில்லை. பேரனுக்கு இப்போது இரண்டரை வயது. அவன் ஜலகண்டாபுரத்துத் தாத்தாவோடு காட்டைச் சுற்றும்போது பிடித்துக்கொண்டு நடப்பது அந்த ஆள்காட்டி விரலைத்தான். மாட்டுப் பல் பதிந்த தழும்பு அதில் இன்னும் இருக்கிறது.

எத்தனை வேலை தலைக்குமேல் கிடந்தாலும், வாசலில் ஒரு வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு இப்போது முதலில் ஓடுவது நான்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கும்வரை அந்த விரல்தான் என் கண் முன்னால் நிற்கிறது.